எழுந்து நில்லாத மாணவன்

வகுப்பறையிலே ஆசிரியர் இழைக்கும் பிழைகள் இரு வகைப்படும். கரும்பலகையில் இழைக்கும் பிழையை அடுத்த நிமிடமே அழித்துவிடலாம். மாணவர்களே அதனைச் சுட்டிக்காட்டியும் விடுவார்கள். மாணவனுடைய மனத்தில் இழைக்கும் பிழையோ எளிதில் எமது கண்ணுக்குப் புலனாவதில்லை. புலனாகும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அத்தகைய பிழை ஒன்றை நாம் அண்மையில் இழைத்தோம். அதனை இவ்வாரம் வாசகர்களிடம் ஒப்புக்கொள்ள விரும்புகின்றோம். எம்முடைய வகுப்பறையில் நேர்ந்த அச்சிறு பிழை, ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கங்கள் வழங்கும் உதவிப் பணத்தின் வரலாற்றிலும் மீண்டும் மீண்டும் நேர்ந்திருக்கின்றது என்பதைப் பின்னர் சிந்தித்தபோது கண்டோம். ஆதலின் இஃது எமது சொந்தக் கதை மாத்திரம் அன்று.

முதலாந் தவணை தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. வசதி குறைந்த மாணவர்களுக்கு அப்பியாசக் கொப்பிகள் வாங்கிக் கொடுக்க அன்பர் சிலர் முன்வந்தனர். யார் யாருக்குக் கொடுப்பது என்பதை அறியப் பெயர்ப் பட்டியல் ஒன்று வேண்டியிருந்தது. நல்ல காரியந்தானே என்று நாமும் உற்சாகத்தோடு வகுப்பிற்குள் நுழைந்து, "அஸ்வெசும எடுக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்" என்றோம். 36 மாணவர் கொண்ட வகுப்பு அது. ஒன்பது பேர் எழுந்தனர். ஒருவன் மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றான். இன்னொருவன் முகத்தை யன்னற் பக்கம் திருப்பிக்கொண்டான். நாம் அவற்றைக் கண்டோமேயன்றிக் கருதவில்லை. பெயர்களை எழுதிக்கொண்டு, "இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினோம். எல்லாம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மறுநாட் காலை, பாடசாலை வாயிலில் ஒரு தாய் எமக்காகக் காத்து நின்றார். நேற்று எழுந்து நில்லாதவர்களுள் ஒருவனுடைய தாய் அவர்.

"சேர், தம்பி பொய் சொன்னவன் எண்டு நினையாதேங்கோ. நாங்களும் அந்தக் காசு எடுக்கிறனாங்கள்தான். போன வருஷம் கேட்டபோது எழும்பினவன். அதுக்குப் பிறகு பெடியள் 'நிவாரணம்' எண்டு பட்டம் தெளிக்கிறாங்களாம். கொப்பி இல்லாட்டிலும் காரியமில்லை, இனி எழும்பமாட்டன் எண்டு சொல்லிப்போட்டான்" என்றார்.

எமக்கு என்ன மறுமொழி கூறுவதென்று தெரியவில்லை. "அம்மா, பிழை எங்களுடையது" என்று மாத்திரம் சொன்னோம். அவர் உடனே போய்விடவில்லை. மனத்தில் இருந்த வேறொன்றையும் இறக்கிவைக்க விரும்பியவர்போல மேலும் சொன்னார். கணவர் மேசன் வேலைக்கு உதவியாளாகப் போகின்றவர். வேலை உள்ள நாளில் கூலி உண்டு. இல்லாத நாளில் இல்லை. பிள்ளைகள் நால்வர்.

"எங்களுக்கு மாசம் பத்தாயிரம் வருது, சேர். பக்கத்து வீட்டிலை ஒரு தாயும் ஒரு பிள்ளையும். அவைக்கும் பத்தாயிரம்தான். அவையிலை எனக்கு ஒரு எரிச்சலும் இல்லை. அவையும் கஷ்டப்பட்டதுகள்தான். ஆனா, என்ரை மற்ற மூண்டு பிள்ளையளையும் ஆர் எண்ணினது?"

இக்கேள்வி அன்று முழுவதும் எம்மை விட்டு நீங்கவில்லை. மகன் தன்னைப் பலர் அறிய எண்ணுவதை வெறுத்தான். தாயோ தன் பிள்ளைகள் எண்ணப்படவேயில்லை என்று வருந்தினார். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவைபோலத் தோன்றும். சற்றே ஆழ்ந்து நோக்கினால், இரண்டும் ஒரே குறையின் இரு பக்கங்களே என்பது விளங்கும்.

பெயரின் கதை

ஏழைகளுக்கு அரசாங்கம் பணம் கொடுப்பது எமது நாட்டிற்குப் புதிய வழக்கமன்று. 1939ஆம் ஆண்டில் இலங்கையில் வறியோர் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஆதரவற்றோருக்கு மாதந்தோறும் சிறு தொகை வழங்கும் முறை இவ்வாறு உருப்பெற்றது. அதற்கு அரசாங்கக் கடிதங்களில் பொதுசன மாதாந்த உதவி என்று மதிப்பான பெயர் உண்டு. ஊரிலே அதனை யாரும் அப்பெயரால் அழைப்பதில்லை. எம்மவர் அதனைப் பிச்சைச் சம்பளம் என்றனர். சிங்கள மக்கள் பின்படி என்றனர். புண்ணியத்திற்காகக் கொடுக்கும் படி என்பது அதன் பொருள். ஒரு மொழியில் வாங்குபவருக்கு இழிவும், மற்ற மொழியில் கொடுப்பவருக்குப் புண்ணியமும் அப்பெயரில் அடங்கியிருக்கின்றன. வாங்குபவருடைய உரிமை என்ற கருத்து இரண்டிலும் இல்லை.

பின்னர் வந்த திட்டங்களின் பெயர்களையும் நோக்குவோம். 1989ஆம் ஆண்டில் ஜனசவிய வந்தது. மக்கள் பலம் என்பது அதன் பொருள். 1995ஆம் ஆண்டில் சமுர்த்தி வந்தது. செழிப்பு என்று பொருள். 2023ஆம் ஆண்டில் அஸ்வெசும வந்தது. ஆறுதல் என்று பொருள். பலம், செழிப்பு, ஆறுதல் என மூன்றுமே நல்ல சொற்கள். ஆயினும் எமது வகுப்பு மாணவர்கள் அச்சொற்களில் எதனையும் எடுத்துக்கொள்ளாமல், 'நிவாரணம்' என்பதையே பட்டமாக்கினார்கள். ஆகவே, பெயரை மாற்றுவதனால் மாத்திரம் மானம் காக்கப்படுவதில்லை. பணம் எந்த முறையில் கைக்கு வந்து சேர்கின்றது என்பதைப் பொறுத்தே மக்கள் அதற்குத் தாங்களாகப் பெயர் சூட்டுகின்றனர்.

இதனை அறிய, நமது பாட்டன் பாட்டிமாரின் காலத்தை நினைத்துப் பார்த்தாற் போதும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942ஆம் ஆண்டில் அரிசிப் பங்கீடு தொடங்கியது. கூப்பன் என்ற சொல் அக்காலத்திலேதான் நமது வீடுகளுக்குள் நுழைந்தது. உத்தியோகத்தர் வீட்டிலும் கூப்பன் இருந்தது. கூலியாளர் வீட்டிலும் இருந்தது. சங்கக்கடை வாசலில் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றனர். விலை குறைந்த அந்த அரிசி அரசாங்கத்தின் உதவிதான்; எனினும் கூப்பன் வைத்திருந்தவரை யாரும் பட்டம் தெளித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. 1953ஆம் ஆண்டில் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டு, பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டபோது, அவ்வாண்டு ஆகஸ்டு 12ஆந் திகதி நாடு முழுவதிலும் ஹர்த்தால் நடந்தது. பிரதமராயிருந்த டட்லி சேனநாயக்கா சில வாரங்களில் பதவி விலகினார். பிச்சையைக் குறைத்தால் யாரும் ஹர்த்தால் செய்வதில்லை. தம்முடைய பங்கைக் குறைத்ததாக எண்ணியதனாலேயே மக்கள் எழுந்தனர்.

எண்ணப்பட்ட பிள்ளைகள்

பங்கீட்டரிசி எல்லோருக்கும் என்ற நிலை 1978ஆம் ஆண்டோடு முடிவுற்றது. 1979ஆம் ஆண்டு செப்டெம்பரில் உணவு முத்திரை வந்தது. ஐவர் கொண்ட குடும்பமாயின் மாத வருமானம் 300 ரூபாவுக்கு உட்பட்டிருந்தால் அக்குடும்பம் முத்திரை பெறலாம் என விதிக்கப்பட்டது. அத்திட்டத்தில் இன்று பலரும் மறந்துவிட்ட சிறப்பு ஒன்று இருந்தது. 8 வயதிற்கு உட்பட்ட பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, 8 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு 20 ரூபா, அதற்கு மேற்பட்டோருக்கு 15 ரூபா என முத்திரைகள் வகுக்கப்பட்டன. குடும்பத்தில் மிகச் சிறியவர்க்கே மிகப் பெரிய பங்கு என்று விதித்த அக்கணக்கை எழுதியவர் யாராயினும், அவர் வளரும் பிள்ளையின் தேவையை அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

அத்திட்டத்திற்கும் ஒரு பெருங் குறை இருந்தது. முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே நின்றது. சந்தையில் விலைகள் ஏறிக்கொண்டே போயின. 1980களின் நடுப்பகுதிக்குள் முத்திரையின் உண்மைப் பெறுமதி தொடக்கத்தில் இருந்ததிற் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தொகையை யாரும் குறைக்கவில்லை. ஆதலின் எதிர்ப்பும் எழவில்லை. விலைவாசியே ஓசையின்றி அதனைக் குறைத்துவிட்டது.

இனி அஸ்வெசுமவுக்கு வருவோம். 2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தின்கீழ், 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியை அடுத்து, 2023ஆம் ஆண்டு யூலை முதல் இத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்னும் ஆறு துறைகளில் 22 சுட்டிகளைக் கொண்டு குடும்பங்கள் அளக்கப்பட்டு, நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. வறிய குடும்பத்திற்கு மாதம் 8,500 ரூபா, மிக வறிய குடும்பத்திற்கு 15,000 ரூபா என முதலில் வழங்கப்பட்டது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இத்தொகைகள் முறையே 10,000 ரூபாவாகவும் 17,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. பணம் நேரே வங்கிக் கணக்கிற் சேர்வது முன்னைய முறைகளைவிட நல்லதொரு திருத்தமே. ஒருவர் வாசலில் மற்றொருவர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

ஆனால், குடும்பத்தில் எத்தனை பேர் என்பது அக்குடும்பம் எந்த வகுப்பில் அடங்கும் என்பதைத் தீர்மானிக்க ஓரளவு உதவுகின்றதேயன்றி, தொகையைத் தீர்மானிப்பதில்லை. ஒரே வகுப்பில் அடங்கிய இருவர் குடும்பத்திற்கும் அறுவர் குடும்பத்திற்கும் ஒரே தொகைதான். அதற்கு முந்திய சமுர்த்தி முறையிலே குடும்பத்தினரின் தொகைக்கேற்ப உதவியும் கூடிக் குறைந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மாணவ வாசகர்கள் ஒரு கடதாசியை எடுத்து இக்கணக்கைச் செய்து பார்க்கட்டும். 10,000 ரூபாவை அறுவருக்குப் பங்கிட்டு, அதனை 30 நாட்களுக்குப் பிரித்தால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 ரூபா 55 சதம் வரும். அதே தொகையை இருவருக்குப் பங்கிட்டால் 166 ரூபா 66 சதம் வரும். 2024ஆம் ஆண்டின் இறுதியில் நமது நாட்டில் ஒருவர் தம் அடிப்படைத் தேவைகளை நிறைவேற்ற மாதம் ஏறத்தாழ 16,000 ரூபா வேண்டும் என்று தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வறுமைக்கோடு காட்டியது. அவ்வளவின்படி அறுவருக்கு 96,000 ரூபா வேண்டும். உதவி அதிற் பத்தில் ஒரு பங்களவே. பாடசாலை வாயிலில் நின்று அத்தாய் கேட்ட கேள்வி பொறாமையிற் பிறந்ததன்று. சரியான வகுத்தற் கணக்கிற் பிறந்தது.

செவ்வாய்க்கிழமை வரிசை

அத்தாயின் கேள்வியை ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்திலும் ஒரு பெண்மணி கேட்டார். அவர் பெயர் எலினோர் இராத்போன். லிவர்பூல் நகரத்துச் செல்வக் குடும்பத்திற் பிறந்து, கல்வியிற் சிறந்து, திருமணம் செய்யாது பொதுப்பணியில் ஈடுபட்டவர். முதலாம் உலக யுத்தத்தின்போது, போருக்குச் சென்ற வீரர்களின் மனைவியருக்கு அரசாங்கம் பணம் வழங்கியது. பிள்ளைகளின் தொகைக்கேற்ப அப்பணமும் கூடியது. தாயின் கையிலேயே கொடுக்கப்பட்டது. லிவர்பூலில் அவ்வேலையை மேற்பார்த்த இராத்போன், கணவன் வீட்டில் இல்லாதிருந்தும், உணவுப் பொருள்கள் கிடைத்தற்கரிய காலமாயிருந்தும், பல வீடுகளில் பிள்ளைகள் முன்னிலும் நன்றாக வளர்வதைக் கண்டார்.

கூலி கொடுப்பவர் வேலையை அளந்து கொடுக்கின்றார். வீட்டில் எத்தனை வாய்கள் உண்டென்று அவர் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் பிள்ளைகுட்டிக்காரனுக்கு வேலையே கிடையாது போய்விடும். அவ்வாறாயின், பிள்ளைகளை எண்ணும் கடமை யாருடையது? சமுதாயம் முழுவதனுடையது என்று இராத்போன் விடை கூறினார். 1924ஆம் ஆண்டில் இதனை ஒரு நூலாகவே எழுதினார். 1929ஆம் ஆண்டில் பாராளுமன்றம் புகுந்தபின்னும் இதனையே இடைவிடாது பேசினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் பேசியது பலருக்குச் சலிப்பைத் தந்திருக்கலாம், அவருக்குச் சலிக்கவில்லை.

1942ஆம் ஆண்டில் வில்லியம் பெவரிட்ஜ் தமது புகழ்பெற்ற அறிக்கையிற் பிள்ளைப் படியையும் சேர்த்துக்கொண்டார். ஈற்றில் 1945ஆம் ஆண்டில் குடும்பப் படிச் சட்டம் பாராளுமன்றத்திற்கு வந்தது. வந்த மசோதாவிலே, அப்பணம் தந்தைக்கு உரியது என்று எழுதப்பட்டிருந்தது! இராத்போன் கொதித்தெழுந்தார். பணம் பிள்ளைக்காக, பிள்ளையைப் பேணுபவள் தாய், ஆதலின் அவள் கையிலேயே அது சேர வேண்டும் என்று வாதாடினார். கட்சிக் கட்டுப்பாடின்றி உறுப்பினர்கள் விரும்பியவாறு வாக்களிக்க விடப்பட்டது. தாயின் பக்கமே வென்றது.

1946ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆந் திகதி, ஒரு செவ்வாய்க்கிழமை, முதற் கொடுப்பனவு நடந்தது. முதற் பிள்ளையை விடுத்து, அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 சிலிங். பெவரிட்ஜ் கேட்டது 8 சிலிங், கிடைத்தது 5. ஆயினும் அதனைப் பெறுவதற்கு யாரும் தம் வறுமையை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. செல்வர் வீட்டுத் தாய்க்கும் அப்படி உண்டு. சுரங்கத் தொழிலாளி வீட்டுத் தாய்க்கும் உண்டு. இருவரும் அஞ்சலகத்தில் ஒரே வரிசையில் நின்று வாங்கலாம். செல்வரிடமிருந்து அரசாங்கம் வரியாக அதிற் பெரும் பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது வேறு விடயம். அந்தச் செவ்வாய்க்கிழமை வரிசையைக் காண இராத்போன் உயிரோடிருக்கவில்லை. அவ்வாண்டு சனவரி மாதத்திலேயே அவர் காலமாகிவிட்டார். முதற் பிள்ளையையும் சேர்த்து எண்ணும் முறை 1977ஆம் ஆண்டிலேதான் அந்நாட்டில் வந்தது.

எல்லோருக்கும் கொடுக்க இயலுமா?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். "இங்கிலாந்து செல்வந்த நாடு; கடனில் மூழ்கி எழுந்த நாம் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் பணம் கொடுப்பது எங்ஙனம்? இருப்பதை ஏழைக்கு மாத்திரம் கொடுப்பதன்றோ அறம்?" என்று வாசகர்கள் கேட்கலாம். இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எல்லோருக்கும் பகிர்ந்தால் ஏழைக்கு வரும் பங்கு சிறுத்துவிடும் என்பது உண்மையே.

ஆனால், தேர்ந்தெடுத்துக் கொடுப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறத்தல் ஆகாது. 2023ஆம் ஆண்டில் அஸ்வெசுமவின் முதற் பெயர்ப் பட்டியல் வெளியிடப்பட்டபோது, பல இலட்சம் மேன்முறையீடுகள் வந்து குவிந்தன. பட்டியலில் உள்ளவர்மீது பிறர் ஆட்சேபனை தெரிவிக்கவும் இடமளிக்கப்பட்டது. அதனால் ஏமாற்றுவோர் சிலர் அகப்பட்டிருக்கலாம். எனினும், அடுத்த வீட்டுக் கூரையையும் தண்ணீர்ப் பம்பியையும் அயலவர் கணக்கெடுக்கும் நிலை ஒரு கிராமத்தின் உறவுக்கு நன்மை செய்வதில்லை. எமது வகுப்பறையில் நாம் மூன்று நிமிடம் செய்ததை, அங்கே ஊரே மாதக்கணக்காகச் செய்தது.

தேர்ந்தெடுத்துக் கொடுத்தே தீரவேண்டிய நாடுகளும் பிள்ளைகளை எண்ண முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. மெக்சிக்கோவில் 1997ஆம் ஆண்டில் தொடங்கிய புரோகிரேசா என்னும் திட்டத்தில், உதவி தாய்மாரின் கையிற் கொடுக்கப்பட்டது. பிள்ளை மேல்வகுப்பிற்கு ஏற ஏறத் தொகையும் ஏறியது. இடைநிலை வகுப்புகளில் ஆண் பிள்ளையைவிடப் பெண் பிள்ளைக்கு அதிகம் கொடுக்கப்பட்டது. பெண் பிள்ளைகளே அவ்வகுப்புகளில் அதிகம் இடைவிலகினர் என்பது அதற்குக் காரணம். பெயர்கள் மாறி, 2019ஆம் ஆண்டில் அத்திட்டம் முடிவுற்றது. பிரேசில் நாட்டில் 2003ஆம் ஆண்டில் தொடங்கிய போல்சா பமீலியா, 2023ஆம் ஆண்டில் மறுபடியும் சீர்செய்யப்பட்டது. குடும்பத்திற்குக் குறைந்தது 600 ரெயால் என்றும், அதற்கு மேல் 7 வயதிற்கு உட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 150 ரெயால் என்றும், அதற்கு மேற்பட்டு 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 50 ரெயால் வீதமும் அப்போது வகுக்கப்பட்டது. நமது உணவு முத்திரையின் பழைய கணக்கு, நாற்பது ஆண்டுகள் கழித்துக் கடல் கடந்து ஒலிப்பதைப் போன்றே இது எமக்குத் தோன்றியது.

நாம் கேட்பது இயலாத ஒன்றன்று. குடும்பத்திற்கென ஒரு தொகை இருக்கட்டும். அதன்மேல் பிள்ளைக்கென ஒரு தொகை, சிறியதாயினும், சேரட்டும். அது தாயின் கணக்கிற்குப் போகட்டும். விலைவாசி ஏறும்போது அத்தொகையும் தானே ஏறும் வகையில் சட்டம் அமையட்டும். பட்டியல்கள் பலர் பார்க்கத் தொங்காதிருக்கட்டும். இந்நான்கினுள் முதலாவதை நமது நாடே 1979ஆம் ஆண்டில் செய்து காட்டியது. பட்டியலுக்குரிய நான்காவதற்குப் பணமே தேவையில்லை.

வேறொன்றையும் நினைவூட்ட விரும்புகின்றோம். 1980ஆம் ஆண்டு முதல் நமது பாடசாலைகளில் அரசாங்கம் இலவசமாகப் பாடநூல் வழங்கி வருகின்றது. எமது வகுப்பிலும் ஆண்டுதோறும் வழங்குகின்றோம். வைத்தியர் மகனும் வாங்குகின்றான். மேசன் உதவியாளர் மகனும் வாங்குகின்றான். புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்ப்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை. அரசாங்க உதவி பெறுகின்றோம் என்ற நினைவே அவ்வேளையில் எவருக்கும் எழுவதில்லை. எழுந்து நிற்க மறுத்த அந்த மாணவனும் புத்தகம் கொடுத்த அன்று முதல் ஆளாக ஓடிவந்து நின்றவன்தான். எல்லோரும் நிற்கும் வரிசையில் நிற்க அவன் ஒருபோதும் தயங்கவில்லை.

நாம் செய்த சிறு திருத்தம்

பெரிய திட்டங்களைத் திருத்துவது நம் கையில் இல்லை. எமது வகுப்பறை எம் கையில் இருக்கின்றது. மறுவாரம் பழைய பட்டியலைக் கிழித்துவிட்டு, 36 பேருக்கும் 36 கடதாசித் துண்டுகளைக் கொடுத்தோம். "எல்லோரும் பெயரை எழுதுங்கள். கொப்பி வாங்க உதவி வேண்டுமானால் 'ஆம்' என்றும், வேண்டாமானால் 'இல்லை' என்றும் எழுதி, நான்காக மடித்துப் பெட்டியிற் போடுங்கள். எம்மைத் தவிர வேறு யாரும் வாசிக்கமாட்டார்" என்றோம். அனைவரும் எழுதினர், அனைவரும் மடித்தனர், அனைவரும் எழுந்து வந்து போட்டனர்.

அன்று மாலை வீட்டில் அவற்றைப் பிரித்து வாசித்தோம். முதல் நாள் எழுந்தவர் ஒன்பது பேர். இப்போது 'ஆம்' என்று எழுதியிருந்தவர் பதினான்கு பேர். அந்த மாணவனும் எழுதியிருந்தான். 'ஆம்' என்ற சொல்லின் கீழே, சிறிய எழுத்தில், "தங்கச்சிக்கும்" என்று சேர்த்திருந்தான். தன்னை எண்ணியபோது தலைகுனிந்து இருந்துவிட்டவன், தன் தங்கையை எண்ண மறக்கவில்லை. கொப்பிகள் எல்லா மாணவருக்கும் கொடுக்கும் தேர்ச்சி அறிக்கை உறையோடு சேர்த்து, ஒருவர் அறியாமல் ஒருவருக்குக் கொடுக்கப்பட்டன. தங்கைக்கும் கொடுத்தனுப்பினோம்.

ஒன்பதுக்கும் பதினான்குக்கும் இடையிலுள்ள அந்த ஐந்து பேரைப் பற்றியே இதை எழுதும்போதும் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். ஆண்டாண்டுகளாக நாம் தயாரித்த பட்டியல்களில் விடுபட்டவர்கள் எத்தனை பேர்? தேவை இல்லாமையால் எழாதவர் எத்தனை, மானத்தின் பொருட்டு எழாதவர் எத்தனை என்பதை எந்தப் பதிவேடும் எமக்குச் சொல்லாது. ஆதலால், ஆசிரியர்களாயிருக்கும் அன்பர்களையும், கிராம உத்தியோகத்தர்களாயிருக்கும் அன்பர்களையும், உதவி செய்யும் நல்லெண்ணம் படைத்தோரையும் ஒன்று வேண்டிக்கொள்கின்றோம். அடுத்த முறை ஒரு பட்டியல் எழுதப் பேனாவை எடுக்கும்போது, யாரையும் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள். மாணவ நண்பர்களை வேண்டுவது இன்னொன்று: உங்கள் வகுப்பில் யாருக்காவது அத்தகைய பட்டம் இருந்தால், நாளைக் காலை முதல் அவனை அவனுடைய சொந்தப் பெயராலேயே கூப்பிடுங்கள்.